கையெழுத்துக்கு வந்த பிள்ளைகள்: ஒரு நகர நூலகத்தில் மூன்று கோடைகள்

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிற கிழமையில் எங்கள் நூலக மேசைக்கு ஒரே மாதிரியான வருகைகள் தொடங்கிவிடும். தாய் முன்னால் வருவார். இரண்டடி பின்னால் மகன், சட்டைப் பைக்குள் கைகளை விட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "அக்கா, இவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது மணித்தியாலத் தொண்டு வேணும். இன்னும் ஒண்டும் தொடங்கேல்லை. ஏதாவது வேலை குடுத்து, அந்தப் போமில கையெழுத்து வச்சு விடுங்கோ."

நான் மகனைப் பார்த்து, "தம்பிக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்பேன். பதில் தாயிடம் இருந்துதான் வரும்.

கனடாவில், ரொறன்ரோவின் எல்லையை ஒட்டிய ஒரு நகரத்தில், தமிழர் நிறைய வாழும் பகுதியில், பொது நூலகக் கிளை ஒன்றின் சிறுவர் பிரிவில் வேலை செய்கிறேன். கிளையின் பெயர் இங்கே வேண்டாம். இதில் வரும் பிழைகள் பெரும்பாலும் என்னுடையவை. பிள்ளைகளோ இன்னும் அதே பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள், யாரையும் அடையாளம் காட்டிவிடக் கூடாது. 2022 கோடையில் அப்படித் தாயின் பின்னால் வந்து நின்ற 14 வயதுப் பையன் ஒருவனையும், அவனைச் சுற்றி மூன்று கோடைகளில் நாங்கள் செய்து பார்த்தவற்றையும் எழுதி வைக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தொண்டர்களாகச் சேர்க்க நினைக்கும் நூலகங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

நாற்பது எங்கிருந்து வந்தது

ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் வேண்டுமென்றால், பாடங்களோடு 40 மணித்தியாலச் சமூகத் தொண்டும் முடித்திருக்க வேண்டும். 1999 செப்டம்பரில் 9ஆம் வகுப்புக்குள் நுழைந்தவர்களில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020–21 கல்வியாண்டில் படிப்பை முடித்தவர்களுக்கு 20ஆகக் குறைத்தார்கள். பிறகு பழையபடி 40. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இதே மாதிரியான விதி 75 மணித்தியாலம் கேட்கிறது. அங்கே 1997இல் படிப்பை முடித்த வகுப்பிலிருந்தே அது கட்டாயம்.

விதிக்குள் சில வேலிகள் உண்டு. சம்பளம் வாங்கக் கூடாது. வகுப்பு நடக்கும் நேரத்தில் செய்யக் கூடாது. வீட்டு வேலை கணக்கில் வராது. ஒரு வேலைத்தலத்தில் ஒருவர் வழமையாகச் சம்பளத்துக்குச் செய்கிற வேலையும் கணக்கில் வராது. இந்தக் கடைசி வேலி எவ்வளவு முக்கியமானது என்பதை நான் முதல் கோடையில் கவனிக்கவில்லை.

நூலகத்துக்குப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கேட்டால் காரணம் எளிது. பஸ்ஸில் வரலாம், பாதுகாப்பான இடம், கோடையில் குளிரூட்டி இருக்கிறது, பெற்றோருக்கு நம்பிக்கை. மருத்துவமனையும் முதியோர் இல்லமும் கேட்கிற ஆயத்தங்களும் இங்கே குறைவு. நூலகத்தின் மீது அவர்களுக்குத் தனியாக ஒரு அன்பு இருந்து வருகிறார்கள் என்று நாங்கள் எண்ணிக்கொள்ளத் தேவையில்லை. அன்பு பிறகு வரலாம்.

முதல் கோடை: தூசு

2022இல் நூலகம் பெருந்தொற்றுக்குப் பிறகு முழுதாகத் திறந்து கொஞ்சக் காலம்தான். வேலை குவிந்து கிடந்தது. வந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டேன். தட்டுகளைத் துடைப்பது, பழைய ஒட்டுத்தாள்களை உரிப்பது, சிறுவர் பகுதிப் பென்சில்களைச் சீவி வைப்பது, திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் அடுக்கித் தட்டுகளில் வைப்பது. எல்லாம் யாரும் சொல்லித் தராமலே செய்யக்கூடிய வேலை என்றுதான் நினைத்தேன். எனக்கும் நேரம் மிஞ்சும், அவர்களுக்கும் மணித்தியாலம் சேரும்.

இரண்டு கிழமை கழிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பகுதிநேர ஊழியர் ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். புத்தகங்களைத் தட்டுகளில் அடுக்குவது அவருடைய வேலை. இந்த வேலையில் இருப்பவர்களைப் 'பேஜ்' என்போம். பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல் சம்பளம் இந்த வேலையில்தான் கிடைக்கிறது. அவர் கோபமாகக் கதைக்கவில்லை. "நாங்கள் காசுக்குச் செய்யிற வேலையை இந்தப் பிள்ளையள் சும்மா செய்தால், அடுத்த வருஷம் எங்கட மணித்தியாலத்தை வெட்டமாட்டினம் எண்டு என்ன நிச்சயம் அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மாகாண விதியிலேயே அது தடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்று மாலைதான் ஒழுங்காக வாசித்தேன். அடுத்த நாளே வண்டி வேலையை நிறுத்தினேன். மிஞ்சியது தூசும் பென்சிலும்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். பிள்ளைகள் கைப்பேசியோடு அலுமாரிகளுக்கு இடையில் உட்கார்ந்தார்கள். ஒரு பையன் 4 மணித்தியாலம் நின்றுவிட்டு 6 என்று எழுதிக் கொண்டுவந்தான். மேசையில் கூட்டம். பார்த்தும் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிட்டேன். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. தொண்டு என்றால் தாளில் இருக்கும் எண்தான் என்று ஒரு பிள்ளைக்கு நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

தாயின் பின்னால் வந்த பையன் அந்தக் கோடையில் 40ஐ முடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. மூன்றாம் கிழமைதான் எனக்கே அது தெரிந்தது. அந்த இடத்தில்தான் நான் யோசிக்கத் தொடங்கினேன். அவன் வராததால் நூலகத்தில் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. தட்டில் தூசு கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். நாங்கள் கொடுத்த வேலையில் அவனுக்காகக் காத்திருக்கிற ஒரு மனிதர் இல்லை.

கட்டாயம் தொண்டைக் கெடுக்குமா

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊழியர் கூட்டத்தில் ஒருவர், "கட்டாயப்படுத்தினால் இப்படித்தான், இந்த விதியே பிழை" என்றார். பலர் அப்படி நினைக்கிறார்கள். எனக்கும் அப்போது பாதி அப்படித்தான் இருந்தது. தேடிப் பார்த்தபோது இந்தக் கேள்விக்கு ஒன்ராறியோவிலேயே நல்ல பதில் ஒன்று இருப்பது தெரிந்தது.

முன்பு இங்கே உயர்பள்ளி 13ஆம் வகுப்பு வரை இருந்தது. அதை 12ஆக்கியபோது, 2003இல் இரண்டு தொகுதி மாணவர்கள் ஒரே வருடத்தில் பள்ளியை முடித்தார்கள். இங்கே 'இரட்டைத் தொகுதி' என்று அப்போது எல்லோரும் கதைத்த விஷயம் அது. பல்கலைக்கழக இடத்துக்கு அடிபிடி. அந்த இரண்டு தொகுதிகளில் மூத்தவர்களுக்கு 40 மணித்தியால விதி இல்லை. இளையவர்களுக்கு இருந்தது. ஒரே வருடம், ஒரே பல்கலைக்கழக வகுப்பறைகள், ஒரு பாதிக்குக் கட்டாயம், மறு பாதிக்கு இல்லை. ஒரு ஆய்வாளர் நினைத்தாலும் இவ்வளவு வடிவாக ஏற்பாடு செய்ய முடியாது.

வாட்டர்லூவில் உள்ள வில்பிரட் லோரியர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தி, முதலாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டு, 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். கட்டாயத்தால் பிள்ளைகள் தொண்டையே வெறுத்துவிட்டார்கள் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பள்ளிக்காலத்துத் தொண்டு நல்ல அனுபவமாக இருந்ததா, ஒரே இடத்தில் தொடர்ந்து செய்தார்களா என்பவைதான் பிறகு அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதோடு ஒட்டி வந்தன. பல்கலைக்கழகம் போனவர்களிடம் மட்டும் கேட்டது, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. பிள்ளையை வாசல் வரை கொண்டுவருவது விதியின் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் வேலை. பழியை விதி மேல் போடுவதற்கு எனக்கு இனி வழி இல்லை.

இரண்டாம் கோடை: ஐந்து வரை எண்ணுவது

2023இல் வேலையை முழுதாக மாற்றினோம். வாசிப்புச் சோடி. ஒரு தொண்டர், ஒரு குழந்தை. குழந்தைகள் 1ஆம் வகுப்பில் இருந்து 3ஆம் வகுப்பு வரை. செவ்வாயும் வியாழனும் மாலை 4 மணிக்கு, 45 நிமிடம், 8 கிழமை. சோடியை மாற்றுவதில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, வட அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் பல வருடங்களாக நடப்பதுதான். கோடை விடுமுறை இங்கே ஜூன் கடைசியில் இருந்து செப்டம்பர் முதல் திங்கள் வரை நீள்கிறது. அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைகளின் வாசிப்பு இறங்கிப்போவதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். கனடா முழுக்க நூலகங்கள் சேர்ந்து நடத்தும் இலவசக் கோடை வாசிப்புக் கழகமும் இதற்காகத்தான் இருக்கிறது. எங்கள் குழந்தைகளை முதலில் அதில் பதிந்து, ஒட்டுத்தாள் கொப்பியைக் கையில் கொடுத்து, பிறகு சோடி சேர்த்தோம்.

சில ஒழுங்குகளை ஆரம்பத்திலேயே வைத்தோம். சோடிகள் எல்லோரும் திறந்த இடத்தில், ஊழியர் கண்ணுக்கு எட்டும் மேசைகளில்தான். கதவுள்ள அறை கிடையாது. கழிவறைக்குக் குழந்தையைக் கூட்டிப்போவது பெற்றோரின் வேலை. பெற்றோர் கட்டிடத்தை விட்டுப் போகக் கூடாது. மணித்தியாலத்தை அந்தந்த நாள் முடிவிலேயே இருவரும் பார்த்து எழுதி, அப்போதே கையெழுத்து. ஆயத்தம் செய்யும் நேரத்துக்கு ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் சேர்த்துக் கணக்கிட்டோம். அதுவும் உழைப்புத்தானே.

பயிற்சி ஒரு பிற்பகல். அதில் முக்கியமாக ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்தேன். குழந்தை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே சொல்லிக் கொடுக்காதே, மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. அதற்குள் அது தானாகச் சொல்லிவிடும், அல்லது உன்னைப் பார்க்கும். பார்த்தால் ஒரு துப்புக் கொடு. படத்தைப் பார்க்கச் சொல், அல்லது வசனத்தை முதலில் இருந்து வாசிக்கச் சொல். சரியாக வந்தால், எதைச் சரியாகச் செய்தது என்று குறிப்பாகச் சொல்லிப் பாராட்டு. 'நிறுத்து, தூண்டு, பாராட்டு' என்று இதைச் சொல்லலாம். நியூசிலாந்தின் ஓக்லாந்தில் 1970களின் கடைசியில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோருக்காக உருவாக்கிய முறை இது. கேட்க எளிது. 15 வயதுப் பிள்ளைக்கு ஐந்து விநாடி சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அருகில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பையன் திரும்பி வந்தான். இன்னும் கொஞ்ச மணித்தியாலம் மிச்சம் இருந்தது, அதனால் வந்தான். இந்த முறை தாய் வரவில்லை. அவனுக்குக் கிடைத்த சோடி 7 வயதுச் சிறுமி. இலங்கையில் இருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. பேச்சு ஆங்கிலம் ஓடி வந்துவிட்டது, எழுத்து வரவில்லை.

இரண்டாம் கிழமை. குதிரைப் படை வீரன் ஒருவனின் கதைப் புத்தகம். 'நைட்' என்ற சொல்லில் சிறுமி நின்றுவிட்டாள். முன்னால் ஒரு கே எழுத்து நிற்கிறது. நடுவில் ஜி, எச் என்று வேறு இரண்டு. விரலை அந்தக் கேயின் மேல் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். மேசைக்குக் கீழே அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் அவன் வாய் திறந்து, பிறகு மூடியது. ஐந்து. படத்தைக் காட்டினான். வாள், கவசம். "நைட்!" என்று கத்திவிட்டாள். உடனே அடுத்த கேள்வி: "அப்ப இந்தக் கே ஏன்?"

"எனக்கும் தெரியாது" என்றான். அந்தப் பதிலுக்கு நான் அவனை மனதுக்குள் மெச்சினேன். தெரியாததைத் தெரியாது என்று ஒரு சிறு பிள்ளையிடம் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

வியாழக்கிழமை வந்ததும் வராததுமாக, புத்தகத்தை எடுக்க முதலே, "முந்தி அந்தக் கேயையும் சேத்துத்தான் சொன்னவையாம். பிறகு சொல்லுறதை விட்டிட்டினம், எழுதுறதை விடேல்லை" என்று அவளுக்குச் சொன்னான். வீட்டில் தேடிப் பார்த்திருக்கிறான். அந்த நேரம் எந்தப் படிவத்திலும் இல்லை. அவள் அன்று முழுக்கக் 'க்-நைட்', 'க்-நைஃப்' என்று கேயோடு சேர்த்துச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் கிழமையில் ஒரு வியாழன் அவன் வரவில்லை. பூங்காவில் கூடைப்பந்து என்று பிறகு தெரிந்தது. சிறுமி வழமையான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வேறு ஒரு தொண்டர் சும்மா இருந்தார், அவரோடு சேர்த்துவிடப் பார்த்தேன். தலையை அசைத்து மறுத்துவிட்டாள். 45 நிமிடமும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். மூடிய புத்தகம்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தபோது நான் ஏசவில்லை. அவள் எங்கே இருந்தாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்று நடந்ததை மட்டும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நேரே போய் அவள் முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்து என்னவோ கதைத்தான். என்ன கதைத்தான் என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் தவறவில்லை. ஒருமுறை காய்ச்சல் என்று மதியமே தொலைபேசி எடுத்து, "மிஸ், அவவுக்கு முதலே சொல்லிவிடுங்கோ, வந்து காத்துக்கொண்டு இருப்பா" என்றான்.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் அவனுடைய 40 நிறைந்தது. இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அவன் வந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாச் சோடியும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் பிள்ளைக்குச் சிறு குழந்தைகளோடு இருப்பதே பிடிக்கவில்லை. கெட்டிக்காரி, அமைதியானவள், ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் முகம் வாடிப்போய் வந்தாள். மூன்றாம் கிழமையில் அவளே வந்து, "மிஸ், என்னால ஏலாது" என்றாள். எல்லோருக்கும் குழந்தைகளோடு வரும் என்று எண்ணியது என் பிழை. அவளுக்கு என்ன கொடுப்பது என்று அந்தக் கோடையில் எனக்குத் தெரியவில்லை. அடுத்த கோடையில்தான் தெரிந்தது.

மூன்றாம் கோடை: சங்கம் எங்கே

எங்கள் கிளையில் ஒரு தமிழ் அலுமாரி இருக்கிறது. காலையில் வரும் முதியவர்கள் பத்திரிகை பார்த்துவிட்டு அதன் முன்னால் நிற்பார்கள். இருப்பதை வாசித்து முடித்துவிட்டார்கள். வேறு கிளைகளில் இருந்து வரவழைக்கலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் அதற்குக் கணினியில் தேட வேண்டும். தேடினால் கிடைப்பதில்லை.

காரணம் விசித்திரமானது. வட அமெரிக்க நூலகங்கள் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பட்டியலிடும்போது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துமுறையைப் பின்பற்றுகின்றன. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, ஒலி எப்படி மாறினாலும் எழுத்து மாறாது என்பது அதன் கணக்கு. ச என்றால் எப்போதும் சி. நாம் எல்லோரும் எழுதுவது போல எஸ் இல்லை. க என்றால் எப்போதும் கே. ஜி என்ற எழுத்துக்கே இடம் இல்லை. ஆகவே 'சங்கம்' என்பது பட்டியலில் சி, ஏ, என், கே, ஏ, எம் என்று கிடக்கிறது. எஸ்ஸும் ஜியும் போட்டுத் தேடுகிறவருக்கு ஒன்றும் வராது. புத்தகம் அடுத்த கிளையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வருடக்கணக்காக, கேட்கிறவருக்கு மட்டும் நானே தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில், குழந்தைகளோடு ஏலாது என்று சொன்ன அந்தப் பெண் பிள்ளையை, அப்போது 16 வயது, புதன்கிழமை காலைகளில் முதியவர்களுக்கு உதவ வைத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு 6ஆம் வகுப்பு வரை போனவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

முதல் நாளே ஒரு தாத்தா வந்து சேர்ந்தார். ஊரில் ஆசிரியராக இருந்தவர். சங்க இலக்கியத்துக்கு உரை வேண்டும் என்றார். அவள் எஸ் போட்டுத் தேடினாள், வரவில்லை. நான் சொன்ன விதியை ஞாபகம் வைத்து மாற்றிப் போட்டாள். திரையில் ஒரு பட்டியல் நீண்டு வந்தது. பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடுமாக. தாத்தாவுக்கு ஆங்கில எழுத்தில் கிடந்த தமிழ் விளங்கவில்லை. அவளுக்கோ எழுத்து விளங்கியது, சொல் விளங்கவில்லை. அவள் எழுத்தெழுத்தாகச் சத்தமாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பிள்ளை, அந்த எல்லுக்குக் கீழ கோடு இருக்கோ?" "ஓம் தாத்தா." "அப்ப அது ழ." இப்படியே ஒரு மணித்தியாலம். நான்கு புத்தகங்களுக்குப் பதிந்துவிட்டுப் போனார்.

அடுத்த புதன் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அதற்கடுத்த கிழமை அவள் ஒரு தாள் செய்து கொண்டுவந்தாள். இடப்பக்கம் தமிழ் எழுத்து, கையால் எழுதியது, கொஞ்சம் பெரிதாக. வலப்பக்கம் பட்டியலில் அது என்னவாக இருக்கும் என்பது. கீழே இரண்டு எண்கள்: தமிழ் மொழி பற்றிய நூல்களுக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி தசம முறையில் தமிழின் வீட்டு முகவரிகள் இவை. உலகத்தில் அந்த முறை இருக்கும் எந்த நூலகத்துக்குள் போனாலும் இந்த எண்களுக்கு நேரே போய் நிற்கலாம் என்று அவள் அந்த மூவருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். தாள் இப்போது கணினிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 'ர'வும் 'ற'வும் மாறிக் கிடந்ததை யாரோ பேனையால் திருத்தியிருக்கிறார்கள். தாத்தாவின் கையெழுத்து மாதிரி இருக்கிறது.

அந்தத் தாத்தா யாழ்ப்பாண நூலகத்தில் இருந்து படித்தவர். அதைப் பற்றி அவர் அவளிடம் ஒரு புதன்கிழமை கதைத்தார். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்து அயலவருக்கு இரவல் கொடுத்ததில் தொடங்கியது, 1959இல் வெள்ளைக் கட்டிடமாக எழுந்தது, 1981இல் ஒரே இரவில் 97,000 அளவில் நூல்களோடு எரிக்கப்பட்டது. அவளுக்கு எரிந்தது தெரியும், தமிழ்ப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்குள் தொடங்கியது என்பது தெரியாது. அதைத்தான் என்னிடம் வந்து வியப்பாகச் சொன்னாள்.

ஊர் ஊராக இருந்த வாசிகசாலைகளையும் சனசமூக நிலையங்களையும் அந்தந்த ஊர் இளைஞர்கள்தானே நடத்தினார்கள். காலையில் திறந்து கூட்டி, பத்திரிகையை மேசையில் விரித்து வைப்பது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும். படிவமும் இல்லை, மணித்தியாலமும் இல்லை. கட்டாயத் தொண்டு வெள்ளைக்காரரின் பழக்கம், எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒட்டாது என்று சொல்லும் பெற்றோருக்கு இதை நான் ஞாபகப்படுத்துவதுண்டு.

இன்னும் சரிவராதவை

வீட்டு வேலை கணக்கில் வராது என்ற விதியை எனக்கு ஏற்க முடிகிறது. ஆனால் அது எல்லாப் பிள்ளைகள் மேலும் ஒரே பாரத்தில் விழவில்லை. தாயும் தகப்பனும் இரண்டு வேலைக்குப் போகிற வீட்டில், கோடை முழுக்கத் தம்பி தங்கையைப் பார்ப்பது 15 வயது மூத்த பிள்ளைதான். அந்த உழைப்புக்கு ஒரு நிமிடமும் கணக்கு இல்லை. அதே தெருவில் வசதியான வீட்டுப் பிள்ளை ஜூலையிலேயே 40ஐ முடித்துவிடுகிறது. நாங்கள் செய்த சிறிய ஏற்பாடு இது: தொண்டரின் தம்பியோ தங்கையோ அதே நேரத்தில் வேறு ஒரு தொண்டரோடு வாசிப்புச் சோடியில் சேரலாம். ஒரு பஸ், இரண்டு பேர். பெற்றோர் கட்டிடத்தில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குக்கு இந்த வீடுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, பொறுப்பை ஒரு ஊழியர் ஏற்கிறார். மேலாளரிடம் அனுமதி வாங்க மூன்று கூட்டம் எடுத்தது. வாங்கியது நல்லது.

பஸ் இன்னும் பிரச்சினைதான். எங்கள் கிளைக்கு வரும் பஸ் கோடையில் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. மாலை 4 மணி என்பது வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சரிவராத நேரம். உண்மையில் வாசிப்புத் துணை தேவைப்படும் குழந்தைகள் பலர் அந்த நேரத்தில் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. வருகிறவர்களை வைத்து எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, எனக்கு நேரம் மிஞ்சவில்லை. தூசு துடைக்க விட்ட கோடையில் பிள்ளைகளுக்காக நான் செலவழித்தது கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும். இப்போது ஐந்து ஆறு ஆகிறது. சோடி சேர்ப்பது, முகம் வாடினால் கூப்பிட்டுக் கதைப்பது, பெற்றோரோடு கதைப்பது, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு வார்த்தை சொல்வது. தொண்டர்கள் வந்தால் ஊழியருக்கு வேலை குறையும் என்று எண்ணித் தொடங்குகிற எந்த நூலகமும் முதல் கோடையிலேயே கைவிட்டுவிடும். ஊழியரின் நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகு அறிவிப்பை ஒட்டுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

அந்தப் பையன் 2024இலும் வந்தான், படிவம் இல்லாமல். இலையுதிர் காலத்தில் பேஜ் வேலைக்கு விண்ணப்பித்து எடுபட்டான். இப்போது சம்பளத்துக்குப் புத்தகம் அடுக்குகிறான், அன்று என்னிடம் வந்து கேட்ட அதே ஊழியரிடம் வேலை பழகினான். பெண் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தமாகிறாள். புதன்கிழமைக்கு அவள் இடத்துக்கு இரண்டு பேரை அவளே தேர்ந்து பழக்கியிருக்கிறாள். ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. தாத்தா, "பரவாயில்லை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றிருக்கிறார்.

வரும் கோடைக்குச் செவ்வாய்ச் சோடிகளை மாலை 6 மணிக்கு மாற்றியிருக்கிறோம், வேலை முடிந்து வருகிற பெற்றோருக்காக. வியாழன் 4 மணியாகவே இருக்கும். பஸ் நிறுத்தத்தில் இருந்து நடந்து வரும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் செவ்வாயில் 7 மணிக்கு முடித்துவிடுவோம். இரண்டு நேரத்துக்கும் வருகிறவர்களின் வரவைத் தனித்தனியாக எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.